மணிக்கு ரெண்டு நிமிஷம்

– கட்டை விரலை அந்தப் பக்கம் விடாதேன்னு எத்தனை தடவைம்மா சொல்றது? அஞ்சு விரலும் ஒரே பக்கம் இருக்கணும்.

– ஒரே பக்கம்தாங்க இருக்கு. நல்லாப் பாருங்க.

– இப்ப இருக்கு. வேகமா சுத்தும்போது தானா நழுவிடுது. டீசல் எஞ்சின் சில சமயம் திருப்பி அடிக்கும். கட்டை விரல் நடுவுல மாட்டினா முறிஞ்சிடும். அப்புறம் நீ எப்படித் தையல் மிஷின்ல உக்காருவே? அவ்வளவுதான் விஷயம்.

– அடுக்களையில நின்னு வெறும் கைப்பிடியைக் காத்துல சுத்தினா விரல் நழுவாம என்ன பண்ணும்? யாராவது பாத்தா எனக்குக் கிறுக்குப் பிடிச்சிடுச்சுன்னு நினைப்பாங்க.

– அப்ப வா. பின்பக்கம் போய் எஞ்சினை நிறுத்திட்டு நிஜமாவே சுத்திப் பாக்கலாம்.

– வேண்டாம், வேண்டாம். ஓடறது ஓடட்டும். ஸ்கூல் பை ஒண்ணு பாதி தைச்சபடி மிஷின்ல இருக்கு.

– சரி, ஓடட்டும்.

– உடனே சரின்னுட்டீங்க! எப்பவும் ஒத்தக் கால்ல நிப்பீங்களே?

– ஊருக்குக் கிளம்பற நாள்ல உன்கிட்ட என்னத்த மல்லுக்கட்டறது?

– ரெண்டு வருஷத்துக்கும் சேத்து இன்னைக்கே மல்லுக்கட்டிட்டுப் போங்களேன்.

– முதல்ல பாடத்தைக் கேளு. நான் கப்பல் ஏறிட்டா இந்த ஜெனரேட்டருக்கு அப்பனும் நீதான், அம்மாவும் நீதான். சுத்தறதுக்கு முன்னால என்ன பண்ணணும்?

– எஞ்சின் தலையில இருக்கற லிவரைத் தூக்கி விடணும். சக்கரம் வேகம் பிடிச்சதும் லிவரைக் கீழ தட்டணும். எஞ்சின் கத்த ஆரம்பிச்சதும் கைப்பிடியை உருவிக்கிட்டு ஒதுங்கிடணும்.

– டீசல் எப்ப ஊத்தணும்?

– நிறுத்தி, சூடு ஆறின பிறகு.

– மழை வந்தா?

– மேல தகரத்தைப் போடணும். வீட்டுக்குள்ள இழுத்துட்டு வரக் கூடாது. கதவை மூடிட்டு இதை உள்ள ஓட்டினா, புகையில நாம படுத்தவங்க எழுந்திருக்க மாட்டோம். ஏங்க, அஞ்சு வருஷமா கூடவே இருந்து பாக்கறேன், இதுகூடத் தெரியாதா?

– தெரிஞ்சாலும் கேப்பேன். நடுவுல டீசல் தீர்ந்து போய் நின்னுட்டா?

– குழாய்க்குள்ள காத்து புகுந்துடும். டீசலை ஊத்திட்டு, அந்தச் சின்ன நட்டை லேசா தளர்த்தி விடணும். நுரை நுரையா வரும். நுரை நின்னு வெறும் டீசல் வந்ததும் இறுக்கிடணும். போதுமா?

– போதும். அதுக்கு மேல மக்கர் பண்ணினா எனக்குக் கடிதம் எழுது.

– நான் எழுதி, அது கப்பலைத் தேடிப் பிடிச்சு, நீங்க பதில் போட்டு அது வந்து சேர்றதுக்குள்ள, நம்ம பாப்பாவே இதைப் பிரிச்சு மாட்டக் கத்துக்குவா.

– கத்துக்கிட்டா நல்லதுதான். அவ தள்ளுவண்டிச் சக்கரத்துலதானே இது நிக்குது? அதுல இடது சக்கரம் ஆடுது, பாத்துக்கோ. கரண்ட் இல்லாதப்ப தெருக் கிளினிக்குக்கு இதை இழுத்துட்டுப் போகும்போது மேடு பள்ளம் பாத்து இழு.

– பழைய பம்ப் எஞ்சின், வெல்டிங் பட்டறையில கழிச்சுப் போட்ட டைனமோ, எண்ணெய் டின்னுல ஒரு சைலன்சர், குழந்தை வண்டிச் சக்கரம். முதல் நாள் இதைப் பாத்துட்டு நான் எப்படிச் சிரிச்சேன்!

– சிரிச்சியா? தலையில அடிச்சுக்கிட்டே. இது ஓடினா நான் மொட்டை மாடியில இருந்து குதிக்கிறேன்னே.

– ஓடுச்சு. நான்தான் குதிக்கல. இப்ப தெருவுல கரண்ட் போனா எல்லாரும் நம்ம வாசலைத்தானே பாக்கறாங்க? இதே மாதிரி ஒண்ணு பண்ணித் தருவீங்களான்னு மருந்துக்கடைக்காரர் கேட்டார். அச்சாபீஸ்காரரும் கேட்டார்.

– எப்ப?

– போன வாரம்.

– என்கிட்ட சொல்லவே இல்லையே?

– கப்பலுக்குப் போறவர்கிட்ட சொல்லி என்ன ஆகப் போகுது?

– அதுவும் சரிதான்.

– சரி, விடுங்க. மேல சொல்லுங்க.

– இந்த ஸ்விட்ச். மேல தள்ளினா ஊர் கரண்ட், கீழ தள்ளினா நம்ம கரண்ட். ரெண்டும் ஒண்ணா சேரவே கூடாது. சேந்தா, தெருவுல கம்பத்து மேல ஏறி வேலை பாக்கறவன் செத்தான். இதுல மட்டும் விளையாட்டே வேண்டாம்.

– தெரியும். ஊர் கரண்ட் திரும்பி வந்துட்டா இந்தச் சிவப்பு பல்பு எரியும்.

– இப்ப எரியல.

– எரியல.

– காலைல ஆறரைக்குப் போன கரண்ட். இவ்வளவு நேரமாவா வராம இருக்கும்?

– வரும்போது வரட்டும். அவசரம் என்ன?

– சரி, கடைசிப் பாடம். எஞ்சினோட வேகம். அதை அளக்க நம்மகிட்ட மீட்டர் கிடையாது. அதோ, சுவத்துல மாட்டியிருக்கே, அதுதான் மீட்டர்.

– கடிகாரமா?

– தொழிற்சாலையை மூடினப்ப எனக்குன்னு கிடைச்சது அது ஒண்ணுதான். அதுக்கு சாவியும் இல்ல, பேட்டரியும் இல்ல. கரண்ட்டோட துடிப்பை எண்ணித்தான் முள்ளு நகருது. எஞ்சின் வேகமா ஓடினா முள்ளும் முந்தும். எஞ்சின் அசந்தா முள்ளும் அசந்துடும். பக்கத்துல கைக்கடிகாரத்தை வெச்சு ஒத்துப் பாத்தா போதும். முந்தினாலோ பிந்தினாலோ, எஞ்சின் ஓரத்துல இருக்கற ஸ்க்ரூவைத் திருப்பணும். ஒரு சுத்து கழட்டினா...

– மணிக்கு ரெண்டு நிமிஷம் குறையும்.

– அடேங்கப்பா! உனக்கு எப்படித் தெரியும்?

– நீங்கதான்... எப்பவோ சொன்னீங்க.

– சொன்னேனா?

– சொன்னீங்க. தூக்கத்துலகூட இதைத்தானே பேசறீங்க.

– சொல்லியிருப்பேன், சொல்லியிருப்பேன். கைக்கடிகாரம் இருந்தா இப்பவே ஒத்துப் பாத்துக் காட்டுவேன். அதைத்தான் காலைல பாப்பா கையில கட்டி விட்டுட்டேனே.

– அழுதுட்டே இருந்தவ, அதைக் கட்டினதும் சிரிச்சுட்டா. முழங்கை வரைக்கும் ஏறிப் போச்சு.

– ஸ்கூல் வாசல்ல என் கையை விடவே இல்ல. ஒவ்வொரு விரலா நானேதான் பிரிச்சு எடுத்தேன். உள்ள போனவ ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கல.

– பாத்தா அழுதுடுவோம்னு பாக்காம போயிருப்பா. என் புத்தி அவளுக்கு.

– மணி எத்தனை?

– மூணரை.

– பெட்டி?

– எப்பவோ கட்டியாச்சு. நாலு மணிக்குத்தானே பஸ்? தெரு முனையில வந்து ஹாரன் அடிப்பான்.

– இந்தச் சத்தத்துல ஹாரன் எங்க கேக்கப் போகுது? கடிகாரத்தைப் பாத்துத்தான் கிளம்பணும். மூணே முக்காலுக்கு எழுந்தா சரியா இருக்கும். துறைமுகத்துக்கு இந்த ஒரு பஸ்தான். இதை விட்டா ராத்திரி கப்பல் போயிடும். எனக்குப் பதிலா அடுத்த ஆளை ஏத்திக்குவாங்க, அவ்வளவுதான் விஷயம்.

– எங்க அண்ணன் அலையா அலைஞ்சு வாங்கிக் குடுத்த வேலை.

– ஆமாம். அவர் முகத்துக்காகவாவது போகணுமே.

– டீ போடட்டுமா?

– போடு. மெதுவாவே போடு.

– கண்ணு! ஏ கண்ணு! கதவைத் திற!

– பக்கத்து வீட்டு அக்காதாங்க. இருங்க, திறக்கறேன். வாங்கக்கா.

– நான் சும்மா சொல்லக் கூடாது கண்ணு, காது ரெண்டும் கிழிஞ்சு தொங்குது. கரண்ட் வந்து மூணு மணி நேரம் ஆச்சு. இன்னும் எதுக்கு இதை ஓட்டி ஊரைக் கூட்டறே? வீட்டுக்காரர் போன கையோட... அட, தம்பி! நீ போகலியா?

– எங்கக்கா?

– எங்கயாம்! கப்பலுக்குத்தான். பஸ்காரன் முனையில நின்னு ஹாரனை அடி அடின்னு அடிச்சுட்டுப் போனானே! நீ ஏறிட்டேன்னுல்ல நினைச்சேன்? நான் சும்மா சொல்லக் கூடாது, ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப முடியலையேன்னு உக்காந்து ஒரு பாட்டம் அழுது வேற தீத்தேன்.

– மணி மூணு நாப்பதுதானேக்கா ஆகுது?

– எந்த ஊர்ல? ரேடியோவுல நாலு மணி செய்தி முடிஞ்சு பாட்டே போட்டாச்சு. இப்ப நாலேகால். ஏன் ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க? ஏதாவது வண்டி பிடிச்சுத் துரத்தலாமா?

– வேண்டாம்க்கா. இனிமே எட்டிப் பிடிக்க முடியாது.

– அடக் கடவுளே. சரி தம்பி, மனசை விட்டுடாதே. நான் வரேன். அந்தச் சனியனை மட்டும் நிறுத்துங்க, புண்ணியமாப் போகும்.

– இதோ, நானே போய் நிறுத்தறேன்க்கா.

– ஏங்க... நிறுத்திட்டீங்களா?

– நிறுத்திட்டேன். ஸ்விட்சையும் மேல தள்ளியாச்சு. அப்பா, வீடு எவ்வளவு அமைதியா இருக்கு பாரு.

– ஏங்க.

– ம்.

– அந்தச் சிவப்பு பல்பு ஃப்யூஸ் ஆகல. கழட்டி சக்கரை டப்பாவுல போட்டிருக்கேன்.

– ஓ.

– ஸ்க்ரூவைக் கழட்டினதும் நான்தான். காலைல ஏழரைக்கு, நீங்க பாப்பாவை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனதும். திட்டறதுன்னா திட்டிடுங்க. சும்மா நிக்காதீங்க.

– எதுக்குப் பண்ணினே?

– எதுக்கா? ரெண்டு வருஷம்ங்க! போகாதீங்கன்னு எத்தனையோ நாள் வாய் வரைக்கும் வந்துச்சு. அண்ணன் வாங்கிக் குடுத்த வேலை, நானே எப்படிக் கெடுக்கறது? நீங்க வேற பெரிய கப்பல், வீட்டு உயரத்துக்கு எஞ்சின்னு தினமும் ஆசை ஆசையா பேசினீங்க. நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுத் தடுக்கறது?

– நான் ஆசையா பேசலன்னா நீ அழுவியேன்னு பேசினேன்.

– என்னது?

– ஒண்ணுமில்ல. நீ சொல்லு.

– ஆனா கணக்கு உதைக்குதுங்க. சத்தியமா நான் ஒரே ஒரு சுத்துதான் கழட்டினேன். காலைலேர்ந்து இப்ப வரைக்கும் பாத்தா பதினேழு பதினெட்டு நிமிஷம்தான் பிந்தணும். நீங்க மூணே முக்கால்னு நினைச்சுக் கிளம்பினா நாலைத் தாண்டி ரெண்டு மூணு நிமிஷம் ஆகியிருக்கும். அந்த பஸ் என்னைக்கு நேரத்துக்குக் கிளம்பியிருக்கு? ஓடினா பிடிச்சிருக்கலாம். கிடைச்சா போகட்டும், கிடைக்கலன்னா இருக்கட்டும்னு பாதியை விதி மேல போட்டுட்டு உக்காந்திருந்தேன். இது முழுசா முப்பத்தஞ்சு நிமிஷம் பிந்தியிருக்கே. எப்படிங்க?

– ஒரு சுத்துக்கு மணிக்கு ரெண்டு நிமிஷம். பாடத்தைச் சரியாத்தான் படிச்சிருக்கே.

– அப்புறம் எப்படி?

– பாப்பாவை விட்டுட்டு வந்து வாசல்ல கால் வைக்கும்போதே எஞ்சின் சத்தம் இறங்கியிருந்தது. எனக்கா தெரியாது? பின்பக்கமா போய்ப் பாத்தேன். ஸ்க்ரூ ஒரு சுத்து வெளிய இருந்தது.

– பாத்துட்டு, அதைத் திருப்பி இறுக்கலியா?

– இன்னொரு சுத்து கழட்டினேன்.