சிவப்புப் படங்கு

செல்லசாமி: கையில சூடம் இருந்தா அணைச்சே சத்தியம் பண்ணுவேன் டீச்சர். இப்ப சொல்லப்போறதுல ஒரு சொல்லு பொய்யா இருந்தா என் நாக்கு சுருண்டு போகட்டும்.

லோஜினி: போன வாட்டி இப்படித்தான் சத்தியம் பண்ணிட்டு, அட்டை ஒண்ணு ஆட்டுக்குட்டிய முழுங்கிருச்சுன்னீங்க. பொகவந்தலாவ பஸ் வந்துரும் தாத்தா...

செல்லசாமி: அது சின்னக் குட்டிங்க. இது எம் பேத்தி நிலக்ஷி கத.

லோஜினி: நிலக்ஷிக்கு என்ன?

செல்லசாமி: நீங்கதானே பல நாளா வந்து சோதிச்சுப் பாத்துட்டுச் சொன்னீங்க... கண்ணுல கோளாறு இல்ல, கண்ணு பாக்குறத மூளைதான் பிரிச்சு எடுக்க மாட்டேங்குதுன்னு.

லோஜினி: ஆமா. நாலு சாமான் சேந்து கெடந்தா அவளுக்கு எல்லாம் கலங்கிரும். மொகம் புடிபடாது. செவப்பு புடிபடும், அது அசைஞ்சா இன்னும் நல்லா. அதான் அவ அம்மாவ, கொழுந்து பறிக்கையில இடுப்புல சுத்துற படங்கு எப்பவும் செவப்பாவே கட்டச் சொன்னேன்.

செல்லசாமி: மீனம்மாவும் கட்டுனா. மத்த பொம்பளைங்க பச்சை, நீலம். எம் மருமக ஒருத்திதான் மலையில செவப்பு. பெத்த தாயத் தடவித் தேடுன புள்ள, தூரத்துலயே கண்டு ஓடிவந்துச்சு.

லோஜினி: நானே பாத்தேனே. அப்புறம்?

செல்லசாமி: தோட்டத்து ஆபிஸ்ல எல்லாருக்கும் புதுப் படங்கு. மழைக்கு நல்ல கெட்டி பிளாஸ்டிக்.

லோஜினி: சரி...

செல்லசாமி: அம்புட்டும் செவப்பு.

லோஜினி: ஐயோ...

செல்லசாமி: கொழுந்து நிறுக்குற நேரம். பனி எறங்கிருச்சு. மலை முழுக்க செவப்பு அசையுது. புள்ள ஏதோ ஒரு செவப்புக்குப் பின்னால ஓடைப் பக்கம் போயிருச்சு.

லோஜினி: கூப்பிடலையா?

செல்லசாமி: அத்தன பேரும் சேந்து கத்துனோம்.

லோஜினி: அதுதான் தப்பு. சத்தம் கூடுனா அவளுக்கு இருக்குற பார்வையும் போயிரும்.

செல்லசாமி: போயிருச்சு. பாறைக்கிட்ட நின்னுட்டா. எதுத்தாப்புல சிறுத்த.

லோஜினி: ...வெளையாடாதீங்க.

செல்லசாமி: அது அசையல டீச்சர். அசையாததால அவளுக்கு அங்க ஒண்ணும் இல்ல. "அம்மா"ன்னு கைய நீட்டிக்கிட்டு அது பக்கமே போறா...

லோஜினி: அப்புறம்? சீக்கிரம் சொல்லுங்க.

செல்லசாமி: எல்லாரும் வாயப் பொத்திக்கிட்டு படங்க அவுத்துக் கூடைக்குள்ள போட்டாங்க. மீனம்மா மட்டும் தன்னோடத தூக்கி ஆட்டுனா. புள்ள திரும்புனா. சிறுத்த வால மிதிச்சுக்கிட்டு வந்துட்டா.

லோஜினி: வாலையா?

செல்லசாமி: லேசா. அதுவும் மரியாதையா மடக்கிக்கிச்சு.

லோஜினி: தாத்தா, சிறுத்த கெடக்கட்டும். ஓடையில விழுந்திருந்தா?

செல்லசாமி: அதாங்க... பஸ் வருது டீச்சர்.

லோஜினி: போனா போகட்டும். நான் தோட்டத்துத் தொரையப் பாக்காம போகமாட்டேன். ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல? அந்தப் படங்க எப்ப குடுத்தாங்க?

செல்லசாமி: இன்னும் குடுக்கலைங்க. நாளைக்குக் காலையில வேலைக்குப் பேர் பதியுற பெரட்டுலதான் குடுக்கப் போறாங்க.