முகமூடிக்கு முன்னால் ஒரு மூச்சு

மேடையில் அமர்ந்திருக்கும் குழந்தை மருத்துவர் அம்மா அவர்களே, மனைவியை இழந்து தவிக்கும் அண்ணன் அவர்களே, கலங்கிய கண்களோடு வந்திருக்கும் அனிமேஷன் கலைஞர்களே! அக்காவின் நினைவுக்காகக் கூடியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பொறுங்கக்கா! அப்படித்தானே அவரை அழைத்தோம்? காட்சியில் எது முதலில் அசைய வேண்டும், எது காத்திருக்க வேண்டும், எது எப்போது நிற்க வேண்டும் என்று முடிவு செய்வது அவர் வேலை. அவசரப்படுத்தினால் திரையிலிருந்து கண்ணெடுக்காமலே "பொறுங்க" என்பார். நான் பொறுத்தேனா? இல்லை!

அறுவை சிகிச்சைக்குப் போகும் குழந்தைகளின் பயம் தெளிய ஒரு குறும்படம் செய்தோம். கட்டில் நகரும், விளக்கு எரியும், செவிலியர் வருவார், மயக்க மருந்து முகமூடி இறங்கும். நேரமில்லை, எல்லாவற்றையும் ஒன்றாக நகர்த்துங்கள் என்று சொன்னவன் ஸ்டுடியோவை நடத்தும் நான்தான். மருத்துவமனையில் போட்டுக் காட்டினோம். முகமூடி இறங்கியதும் ஒரு சிறுமி வீறிட்டு, தாய் மடியில் முகம் புதைத்தாள்.

மறுநாள் படத்தை ஒப்படைக்க வேண்டும். அக்கா தர மறுத்துவிட்டார்.

"வாக்குக் கொடுத்துட்டேன்கா, என் மானமே போயிடும்!" என்று கத்தினேன்.

"உங்க மானம் ரெண்டு நாள்ல திரும்பி வந்துடும் தம்பி. அந்தப் புள்ளைக்குப் போன தைரியம் வருமா?"

மருத்துவமனையிடம் அவகாசம் கேட்டு வாங்கினேன். அக்கா முதலில் செவிலியரைச் சிரிக்க வைத்தார். பிறகுதான் கட்டில் நகர்ந்தது. முகமூடி முதலில் கரடி பொம்மையின் மூக்குக்குப் போனது. அப்புறம் எல்லாம் நின்றது. எவ்வளவு நேரம்? ஒரு குழந்தை மூச்சை இழுத்து விடும் நேரம்! அதன் பிறகுதான் முகமூடி குழந்தையிடம் வந்தது.

அதே சிறுமி மறுபடி பார்த்தாள். அழவில்லை. "இன்னொரு வாட்டி போடுங்க" என்றாள். அக்கா முகம் கழுவப் போவதாகச் சொல்லி வெளியே போய் அழுதார்.

போன செவ்வாய்க்கிழமை மதியம், வேலை செய்துகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தபடி நாற்காலியிலேயே சரிந்தார். ஆம்புலன்ஸ் வருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. இந்த ஒரு முறை நீங்கள் பொறுத்திருக்கக் கூடாதா, அக்கா?

அண்ணன் அவர்களே, காது சிகிச்சை பற்றிய அடுத்த படம் அவர் கணினியில் பாதியில் இருக்கிறது. பத்தொன்பது பொருட்களில் பதினொன்று அசைகின்றன. எட்டு, வைத்த இடத்திலேயே நிற்கின்றன. நேற்று அதன் முன் உட்கார்ந்தேன். எதை முதலில் நகர்த்துவது என்று தெரியவில்லை. ஆனாலும் நாங்கள் முடிப்போம். குழந்தைகளிடம் காட்டுவோம், ஒரு குழந்தை மிரண்டாலும் மறுபடி செய்வோம். அக்காவின் புகைப்படத்தின் முன் உறுதி சொல்கிறேன்: இனி ஒப்படைக்கும் தேதியை நான் குறிக்கமாட்டேன். அதைக் குழந்தைகள் குறிக்கட்டும்.