ஒரு மழைக்குத் தாங்காத சிடி

ஒரு மழை தம்பி... ஒரே ஒரு மழை! அதுக்கே மினுமினுப்பு பூரா உரிஞ்சு போச்சு. இதைப் போய் ஸ்டூடியோன்னு போர்டு மாட்டிக் குடுக்கறீங்களே, நியாயமா? என் மகன் கல்யாணத்துக்கு நீங்க எடுத்த வீடியோதான். இந்தாங்க, நல்லா பாருங்க. அந்தப் பக்கம் உங்க மூக்கு தெரியுது எனக்கு.

என்ன? மழை எப்படிப் பட்டுச்சா? அதென்ன கேள்வி? மேலேர்ந்துதான்!

அலமாரியிலதான் கெடந்துச்சு. அப்புறம்... கொஞ்ச நாளா... தோட்டத்துல இருந்துச்சு. மொறைக்காதீங்க. எங்க வீட்டுல எதையும் தூக்கிப் போட விட மாட்டேன். ஓட்ட வாளியில கத்தரி. பிடி போன குக்கர்ல புதினா. பிடிய மாத்தினா சமைக்கலாம் மாமாங்கறா மருமக. புதினா வந்ததுக்கப்புறம் எங்கேர்ந்து சமைக்கறது? என் பழைய பேண்ட் இருக்கே, அது கால் ரெண்டையும் தச்சு, மண்ண ரொப்பி, உருளைக்கெழங்கு போட்டு செவத்தோரமா நிறுத்தியிருந்தேன். இடுப்புக்கு மேல ஆளக் காணோம்னு தபால்காரர் ஒரே அலறல்! ரசனையே இல்லாத மனுஷன்.

எங்க விட்டேன்? ஆங்... குருவி! தக்காளிய ஒண்ணு விடாம கொத்திப் போடுது. பளபளன்னு எதையாவது தொங்க விட்டா கிட்ட வராதுன்னாங்க. அலமாரியத் தொறந்தேன். வட்டமா, நடுவுல ஓட்டையோட, கயிறு கட்டவே செஞ்ச மாதிரி ஒண்ணு. ஓட்டை நான் போட்டதில்ல தம்பி, அது உங்களுது! மேல கல்யாணம்னு எழுதியிருந்துச்சாம். கண்ணாடி போட்டிருந்தா படிச்சிருக்க மாட்டேனா? கண்ணாடிக் கால கழட்டி மொளகா நாத்துக்கு முட்டுக் குடுத்திருந்தேன்.

அந்தக் குருவியாவது பயந்துச்சா? கிளையில உக்காந்து இதுல மூஞ்சி பாத்துட்டு, அப்புறம்தான் தக்காளியில வாய வெக்குது!

சிரிக்காதீங்க தம்பி. சம்பந்தி போன மாசம் தவறிட்டாரு. ஆமா... மருமகளோட அப்பா. போட்டோ எடுக்கறாங்கன்னாலே நழுவிடுவாரு. அவரு சிரிச்சுப் பேசறது இந்த ஒரு சிடியிலதான் இருக்கு. ‘மாமா, கல்யாண சிடி எங்க? அப்பா குரலக் கேக்கணும் போல இருக்கு’ன்னு வந்து நிக்கறா அந்தப் பொண்ணு. ‘ஸ்டூடியோக்காரன் மட்டமான சிடியக் குடுத்துட்டான்மா, படமே வரல’ன்னுட்டேன்.

கோவப்படாதீங்க, கோவப்படாதீங்க! பயத்துல வந்துடுச்சு. அதான், நீங்க ஒரு போனப் போட்டு, ‘ஆமாம்மா, எங்க தப்புதான்’னு ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை...

என்னது? நேத்தே வந்தாளா? உங்க கம்ப்யூட்டர்ல இன்னும் இருந்துச்சா? புதுசா பதிஞ்சு வாங்கிட்டே போயிட்டாளா!

இங்கயே பாத்தாளா... இந்த நாற்காலியில உக்காந்தா? அழுதாளா தம்பி?

ம்...

சரி, பழசு என்னாச்சுன்னு நீங்க கேக்கலையே? கேட்டீங்களா! தக்காளிச் செடியில தொங்குதுன்னா சொன்னா? அய்யய்யோ... அவ கண்ணுல படக் கூடாதுன்னு இன்னிக்கு விடியறதுக்கு முன்னாடியே அவுத்துட்டு வந்தேனே! அப்ப எங்கிட்ட கேட்டதுக்கப்புறம் துணி காயப்போட வந்தப்ப பாத்திருக்கா. அதப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. நாலு திட்டு திட்டியிருந்தாலும் தேவலையே!

என்ன சொன்னா? ‘மாமாகிட்ட சொல்லிடாதீங்க, மனசு கஷ்டப்படுவாரு’ன்னாளா?

அதையும் சொல்லிட்டீங்களே தம்பி, நல்ல ஆளு நீங்க.

வெக்கமா இருக்கு. அவ அப்பாவ வெயில்லயும் மழையிலயும் தொங்க விட்டுட்டு, பழிய உங்க மேல வேற போட்டேன். போன் வேணாம். நானே போயி சொல்லிக்கறேன்.

போறேன், போறேன்... ஆனா அந்தக் குருவி இருக்கே? கீழ கூடையில சிடி கெடக்கு பாருங்க, எப்படியும் குப்பைக்குத்தானே போகப் போகுது? நாலு குடுங்க. ஒண்ணுக்குப் பயப்படாதது நாலுக்குப் பயப்படாதா? பொறுங்க, பொறுங்க, அப்படியே அள்ளாதீங்க! யாரோட அப்பாவும் இல்லாததா பாத்துக் குடுங்க.