இல்லாத ஏரி

தொடல தம்பி, தொடல. கை ரெண்டையும் பின்னாடிதான் கட்டியிருக்கேன், பாருங்க. கிட்டப் போய்ப் பாத்தேன், அவ்வளவுதான். காவலுக்கு நிக்கிறீங்க, அதட்டத்தான் செய்வீங்க, தப்பில்ல.

அழகாத்தான் இருக்கு. யாரு இல்லேன்னு சொன்னா? ஆள் போகாத மலைய அப்படியே துணியில இறக்கி வச்சிருக்கான்னு வர்றவங்கல்லாம் வாயப் பொளக்கறாங்க. இந்தக் கோடெல்லாம் என்னன்னு தெரியுமா? ஒரே உயரத்துல இருக்கற இடத்தையெல்லாம் சேத்துப் போடற கோடு. ஒவ்வொரு அஞ்சாவது கோடும் தடிமனா இருக்கும், எண்ணிப் பாருங்க. அங்க ரெட்டை நூல். அது என் யோசனை. சர்வே ஆபீஸ்ல இருபத்தாறு வருஷம் மேப் வரைஞ்சவ நான். ரிட்டயர் ஆனப்புறம் எட்டு மாசம் சாப்பாட்டு மேசையில குனிஞ்சு குனிஞ்சு இத வரைஞ்சேன். நானே தைக்கணும்னு நூல்கூட வாங்கியாச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை, இதத் தச்ச மகராசி வீட்டுக்கு வந்துட்டுப் போனா. அதோட வரைஞ்ச தாளைக் காணோம்.

நம்பலியா? சரி, அந்த நீல ஏரியப் பாருங்க. அந்த மலையில ஏரியே கிடையாது தம்பி. வரையறப்ப டீ கொட்டிடுச்சு. கறை எதுவரைக்கும்னு சுத்திப் பென்சில் கோடு போட்டு வச்சேன், அப்புறமா அழிச்சு வரையலாம்னு. இவ அதையும் விடல, நீல நூல்ல பளபளன்னு தச்சுட்டா. டிவியில வேற சொல்றா, அந்த ஏரிக்கரையில உக்காந்து அழுதேன்னு. டீக்கறை ஓரத்துல உக்காந்து அழுதாளாம்! மலைப் பக்கமே போயிருக்க மாட்டா. மூணாவது வளைவுலயே பஸ்ஸ நிறுத்தச் சொல்லி வாந்தி எடுக்கற ஆளு.

எனக்கு எப்படித் தெரியும்னா? தெரியும். மூஞ்சியக் கழுவி விட்டது யாரு?

சிரிக்காதீங்க, எனக்கு வயிறு எரியுது. ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே சுருட்டிக் கையில குடுத்திருப்பேன். ரெட்டை நூல் எங்க வரணும்னு பக்கத்துல உக்காந்து காட்டியும் குடுத்திருப்பேன். எடுத்துட்டுப் போனதுகூடத் தொலையட்டும்னு விட்டுடலாம்.

வேண்டாம், மேனேஜரையெல்லாம் கூப்பிடாதீங்க. புகார் குடுக்க வரல. டிவியில அவ பேசினதக் கேட்டப்புறம், இங்க என்ன எழுதி வச்சிருக்கான்னு என் கண்ணால பாக்கணும்னு இருந்துச்சு. அந்தச் சின்ன அட்டையப் படிச்சீங்களா? மறைந்த என் அம்மாவின் நினைவாகன்னு போட்டிருக்கா.

அவளுக்கு அம்மா ஒருத்திதான் தம்பி. இதோ, டிக்கெட் வாங்கிட்டுத்தான் உள்ள வந்திருக்கேன்.