மல்லாட்டைக் கொல்லையில் ஒரு கோடு

அம்சவள்ளி: மணி ரெண்டே முக்கா ஆவுது. நீங்க இன்னாண்ணே, எறும்பப் பாத்துக்கினு...

சுப்புராயன்: உஷ்... காலத் தூக்குங்க டீச்சர். அதுங்க வழியில வெச்சிக்கினு இருக்கீங்க.

அம்சவள்ளி: டீச்சர்னு யாரு சொன்னா?

சுப்புராயன்: நீங்கதான். அஞ்சு மணிக்குள்ள மலை மேல கரியாலூர் பள்ளிக்கூடத்துல கையெழுத்துப் போடலன்னா வேலை போயிடும்னு கண்டக்டராண்ட அழுதீங்களே...

அம்சவள்ளி: அழுவல.

சுப்புராயன்: சரி, கண்ணு வேர்த்துது.

அம்சவள்ளி: கிண்டல் பண்ணாதீங்க. ஆறு வருசம் காத்திருந்து வந்த ஆர்டரு. மறியல்னு ரோட்டுல மூணு மரத்த சாய்ச்சி, பஸ்ஸ நிறுத்தி, சுத்தி முள்ளு வேற போட்டு... எந்தப் புண்ணியவானோ!

சுப்புராயன்: இந்த மரம் சாஞ்சப்ப எறும்புக் கூடு ஒடைஞ்சி எப்பிடி செதறிச்சி தெரியுமா? முட்டையத் தூக்கிக்கினு ஒண்ணு இப்பிடி, ஒண்ணு அப்பிடி... இப்ப பாருங்க.

அம்சவள்ளி: ...ஒரே வரிசை.

சுப்புராயன்: தலைவன் கெடையாது, மைக்கு கெடையாது. ஒண்ணு போன வாசனைய மோந்துக்கினு அடுத்தது போவுது. ஜாஸ்தி போற தடம் நெலைச்சிடும், மத்ததெல்லாம் கலைஞ்சிடும். கொக்குங்களும் அப்பிடித்தான். மரம் சாயறப்போ ஒரே கூச்சல்... அதோ, மலைக்கு மேல, வில்லு மாதிரி.

அம்சவள்ளி: அழகா இருக்கு... ஆமா, மரம் சாயறப்போ நீங்க இங்கியேவா இருந்தீங்க?

சுப்புராயன்: அந்தாண்ட கொல்லையப் பாருங்க, வேர்க்கடல போட்டிருக்கே.

அம்சவள்ளி: பேச்ச மாத்தாதீங்க.

சுப்புராயன்: பாருங்களேன். பஸ்ஸு ஜனம் மொதல்ல திக்குக்கு ஒருத்தரா ஓடிச்சி. இப்ப?

அம்சவள்ளி: அட... மல்லாட்டச் செடி நடுவுல ஒரு கோடு. வளைஞ்சி வளைஞ்சி... கனவுல வர்ற வழி மாதிரி இருக்குண்ணே.

சுப்புராயன்: யாரும் போட்ட கோடு இல்ல. மொத ஆளு மிதிச்ச எடத்துலியே அடுத்தவன் மிதிச்சான். பரவி மிதிச்சிருந்தா மொத்தமும் நாசம், இப்ப ரெண்டு சாலு செடியோட போச்சி. அந்தக் கோடியில மலைக்குப் போற லாரி நிக்குது. நீங்களும் போங்க.

அம்சவள்ளி: மாட்டேன்.

சுப்புராயன்: ஏன்?

அம்சவள்ளி: எங்கம்மா களை வெட்டற கூலி. எட்டு வயசுல தெரியாம ஒரு செடிய மிதிச்சிட்டேன். கொல்லைக்காரரு என்ன வரப்புலியே முட்டி போட வெச்சாரு, பொழுது சாயற வரைக்கும். பச்சையா நிக்கிற கொல்லையில இன்னிக்கும் கால் போவாதுண்ணே.

சுப்புராயன்: வேலை போயிடுமே!

அம்சவள்ளி: தெரியுது...

சுப்புராயன்: எம்பொண்ணு பத்தாவது படிக்கிது டீச்சர். அதுக்கும் இப்பிடி ஒரு காயிதம் வரணும்னுதான் நாங்க ஒதுக்கீடு கேட்டு...

அம்சவள்ளி: நாங்களா?

சுப்புராயன்: ...வாய் தவறிச்சி.

அம்சவள்ளி: தவறல. உங்க துண்டு பூரா மரத்தூளு, வந்த ஒடனே பாத்துட்டேன். நல்லா திட்டணும்னுதான் பக்கத்துல ஒக்காந்தேன். எறும்பக் காட்டி மறக்க வெச்சிட்டீங்க.

சுப்புராயன்: திட்டுங்க. வெட்டுன கைதான் இது.

அம்சவள்ளி: ஐயோ, லாரிக்காரன் ஆரன் அடிக்கிறான்... அண்ணே, இந்தக் கொல்லைக்காரரு பாத்தா இன்னா சொல்லுவாரு?

சுப்புராயன்: கொல்லைக்காரன் இத்தினி நேரமா உங்க பக்கத்துலதான் ஒக்காந்துக்கினு இருக்கான். செருப்பக்கூட கழட்ட வேணாம்... ஓடுங்க டீச்சர், ஓடுங்க!