பாக்குமரத்தடியில் கப்பலுக்குக் காத்திருந்தோம்

இந்த அவையின் நடுநாயகமாக வீற்றிருந்து, மேடையிலுள்ள ஒரே மின்விசிறியைத் தம் பக்கம் திருப்பிக்கொள்ளாமல் பேச்சாளருக்கே விட்டுக்கொடுத்திருக்கும் பெருந்தகை, கல்லூரி முதல்வர் ஷோபனா அம்மையார் அவர்களே, அவருக்கு வலப்புறம், போர்த்திய பொன்னாடையின் புழுக்கத்தைப் புன்னகையால் மறைத்துக்கொண்டிருக்கும் எங்கள் தீவின் முருகன் கோயில் விழாக்குழுத் தலைவர், கட்டட ஒப்பந்தக்காரர் திருநாவுக்கரசு ஐயா அவர்களே, இடப்புறம், நான் எப்போது முடிப்பேனோ என்று கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்ட சுற்றுச்சூழல் மன்றப் பேராசிரியர் உதயசூரியன் அவர்களே, குழம்பை இறக்கி வைத்துவிட்டு வந்தோமா இல்லையா என்ற யோசனையோடு முன்வரிசையை நிறைத்திருக்கும் டெலானிபூர்த் தாய்மார்களே, சிப்பிகாட் தோட்டத்திலிருந்து சந்தைக்குக் கறிகாய் கொண்டுவந்து, விற்ற கையோடு இங்கே வந்திருக்கும் ஒச்சம்மா அக்கா அவர்களே, தமிழில் ஒரு சொல்லும் தெரியாமல், நான் பேசுகிறேன் என்பதற்காகவே வந்து, மற்றவர்கள் கைதட்டும்போது தாமும் தட்டக் காத்திருக்கும் என் பக்கத்து வீட்டு வங்காளச் சகோதரி ஷீலா தீதி அவர்களே, சாத்தம் துறையில் அக்கரைப் படகைப் பிடிக்க வேண்டுமே என்று கதவோரமாகவே நிற்கும் பாம்பூஃபிளாட் பெரியவர்களே, தலை குனிந்து கைப்பேசியை வணங்கிக்கொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே, மைக்செட் சகோதரரே, உங்கள் எல்லோருக்கும் டெலானிபூர் மகளிர் அன்னதானக் குழுவின் சார்பில் நீலாவதி சொல்லும் நிறைந்த வணக்கம்.

யாரையும் விட்டுவிடவில்லையே? விட்டிருந்தால் கையைத் தூக்குங்கள். வீட்டுக் கணக்கு எழுதிப் பழகியவள் நான். ஒரு வரி விட்டுப்போனால் சாப்பாடு இறங்காது.

"நீடித்து நிலைக்கும் வாழ்வு" என்பது எனக்குத் தந்த தலைப்பு. பின்னால் கட்டியிருக்கும் பதாகையில் பார்க்கிறேன்: "பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம்" என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. அந்தப் பதாகை எதனால் ஆனது என்று நான் கேட்க மாட்டேன். விருந்தாளியாக வந்த இடத்தில் அதெல்லாம் கேட்பது மரியாதையில்லை.

ஆனால் வந்த காரியத்தை மறைக்கவும் மாட்டேன். பொன்னாடைக்காக வரவில்லை, பொழுதுபோக்க வரவில்லை. ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். வருகிற பங்குனி உத்திரத்துக்கு, மலையேறி வந்து, காவடி இறக்கி, காய்ந்த தொண்டையோடு நிற்கும் அடியாரை உட்கார வைத்துப் பரிமாறப்போகிறோமா, அல்லது பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்துக் கையில் திணித்து அனுப்பப்போகிறோமா? பந்தியா, பொட்டலமா? விழாக்குழு பொட்டலம் என்று பாதி முடிவு செய்துவிட்டது. மீதிப் பாதி இந்த மேடையில் இருக்கிறது. எப்படி என்று சொல்கிறேன்.

போன வருடம் நடந்தது இது. கோயில் கொட்டகையில் விழாக்குழு கூடியது. இனி அன்னதானத்தில் பிளாஸ்டிக் தட்டே கூடாது என்று நாங்கள் பெண்கள் சொன்னோம். திருநாவுக்கரசு ஐயா உடனே ஒப்புக்கொண்டார். நல்ல காரியத்துக்கு அவர் என்றைக்கும் குறுக்கே நின்றதில்லை. நின்றிருந்தால் நாங்கள் சுற்றிக்கொண்டு போயிருப்போம். இவரோ முன்னால் ஓடினார். கவலையெல்லாம் அந்த ஓட்டத்தில்தான்.

"மெயின்லேண்டுல பாக்குமட்டைத் தட்டுன்னு ஒண்ணு வந்திருக்கும்மா. அப்படியே மண்ணோட மண்ணா மக்கிப்போகுமாம். சென்னையில நம்ம ஆளு இருக்காரு, கப்பல்ல போட்டுவிடச் சொல்றேன்" என்றார்.

கைதட்டினோம். எங்கே உட்கார்ந்து தட்டினோம்? கொட்டகையைச் சுற்றி என்ன மரம்? தலைக்கு மேலே என்ன மரம்? சிப்பிகாட் போகிற வழியெல்லாம், வேலியெல்லாம், வீட்டுக் கொல்லையெல்லாம் என்ன மரம்? பாக்கு மரம். பாக்குமரத்தடியில் பாய் விரித்து, பாக்குமட்டைக்குச் சென்னைக்குச் சொல்லி அனுப்பிய பக்தர் கூட்டம் இந்தப் பூமியிலேயே நாங்கள் மட்டும்தான். தீர்மானம் நிறைவேறிய அந்த நேரத்தில் தகரக் கூரைமேல் பொத்தென்று ஒரு மட்டை விழுந்தது. "மழையா?" என்று கேட்டார் ஒருவர். "இல்ல, மட்டை" என்றார் இன்னொருவர். அடுத்த பொருளுக்குப் போய்விட்டோம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டுக்குள்ளும் போய்ப் பாருங்கள். கொல்லையில் தேங்காய் முளைத்துக் கிடக்க, கடையில் தேங்காய்ப் பால் பொடி வாங்குவது யார்? மெயின்லேண்ட் சாமான் என்றால் நமக்கு ஒரு மரியாதை. உப்புக் காற்று வாங்கிக்கொண்டு வந்தால் உள்ளூர்ச் சாமானைவிட உசத்தி என்று ஒரு நினைப்பு.

சரி, கப்பலுக்கு வருகிறேன். அதாவது கப்பல் வந்தால்தானே நான் வருவதற்கு? கொடியேற்றம் ஆயிற்று, கப்பல் வரவில்லை. வழியில் எந்திரக் கோளாறு என்றார்கள். ஐயா தினமும் ஜெட்டிக்கு நடந்தார். அங்கிருந்தவர் தினமும் இந்தியில் ஒரே பதில் சொன்னார்: "ஜஹாஸ் லேட் ஹை, ஆப் கல் ஆயியே." ஷீலா தீதி சிரிக்கிறார் பாருங்கள், என் பேச்சில் அவருக்குப் புரிந்த முதல் வரி. கப்பல் தாமதம், நாளைக்கு வாருங்கள் என்கிறார். தீவில் பிறந்த குழந்தை அம்மாவுக்கு அடுத்தபடி கற்றுக்கொள்கிற வாசகம் அது.

உத்திரத்துக்கு முதல் நாள் கப்பல் வந்தே விட்டது. பெட்டிகள் கோயிலுக்கு வந்தன. ஐயா கற்பூரம் காட்டாத குறை. பெட்டியைப் பிரித்தோம். உள்ளே தட்டு. தட்டைச் சுற்றி என்ன? பளபளவென்று பிளாஸ்டிக் உறை. ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனி உறை; உறைமேல் பச்சை நிறத்தில் ஓர் இலைப் படம்; படத்துக்குக் கீழே "இயற்கையின் நண்பன்". கறிகாய் நறுக்க வந்த பெண்கள் எல்லோரும் கத்தியை வைத்துவிட்டு உறை கிழிக்க உட்கார்ந்தோம். தட்டு ஒரு பக்கம், உறை ஒரு பக்கம். அன்னதானக் கணக்கை நான்தான் எழுதுகிறேன்: எத்தனை தட்டோ அத்தனை உறை. பிளாஸ்டிக்கை ஒழிக்கக் கிளம்பியவர்கள், பிளாஸ்டிக்கைக் காசு கொடுத்துக் கப்பலேற்றி வரவழைத்திருந்தோம்.

அதோடு விட்டதா? பாதிப் பெட்டியில் கடல் ஈரம் இறங்கியிருந்தது. உறைக்குள் வியர்த்துப்போய், தட்டெல்லாம் பூஞ்சை. நாய்க்குக்கூட அதில் சோறு போட முடியாது. மறுநாள் பாதிப் பந்தியிலேயே தட்டு தீர்ந்தது. சோறு வெந்துவிட்டது, சாம்பார் மணக்கிறது, மலைப் படியெல்லாம் மனிதத் தலை. இலையில்லை.

யாரங்கே, வாழை இலை என்று குரல் கொடுப்பது? நல்ல கேள்வி, பெரியவரே. அந்த ஒரு நாளில் தீவு முழுவதும் வந்து உட்கார்கிறதே, அத்தனை பேருக்கும் அறுத்தால் தோட்டத்தில் வாழை மிஞ்சுமா? தட்டு தீர்ந்ததும் தேடிக் கொண்டுவந்த இலை, ஆளுக்குப் பாதி என்று கிழித்தும் போதவில்லை. எவர்சில்வர் தட்டா? அதைத்தான் நானும் முதலில் சொன்னேன், தங்கச்சி. பங்குனி மாதத்தில் நம் குழாயில் தண்ணீர் என்றைக்கு வருகிறது என்று உனக்குத் தெரியாதா? குடிக்கவே டிரம்மில் பிடித்து வைக்கிறோம். கழுவ எங்கே போவது?

அப்போதுதான் அடுப்படியின் பின்பக்கத்தைப் பார்த்தோம். ஒச்சம்மா அக்கா தோட்டத்துக் கத்தரிக்காயை எதில் கட்டி அனுப்பியிருந்தார்? பாக்குமட்டையில். கட்டுக்கட்டாக மட்டை கிடந்தது.

"அக்கா, இதையெல்லாம் எடுத்துக்கவா?" என்றேன்.

"எடுத்துக்க. குப்பைக்குப் போறதுக்கு என்னைய எதுக்குக் கேக்குற?"

"குப்பைக்கு இல்லக்கா. இதுலதான் சோறு போடப்போறோம்."

"இதுலயா? அடியே, அது சும்மா கிடக்காதே, சுருண்டுக்குமே. முருகனுக்கே அடுக்காதுடி."

வெந்நீர் ஊற்றிக் கழுவி, துண்டு போட்டுப் பந்தியில் வைத்தோம். அக்கா சொன்னபடியே ஆயிற்று. தரையில் வைத்த மட்டை தானாகச் சுருண்டது. சோறு விழுந்தால் இந்தப் பக்கம் எழுந்தது. சாம்பார் விழுந்தால் அந்தப் பக்கம் எழுந்தது. இரண்டு முழங்காலாலும் இரண்டு ஓரத்தை அழுத்திக்கொண்டு, ஒரு கையால் முனையைப் பிடித்து, மறு கையால் சாப்பிட்டார்கள் அடியார்கள். யோகாசனம் தெரிந்தவர் வயிறாரச் சாப்பிட்டார். ரசம் ஊற்றினோமே, அங்கேதான் திருவிளையாடல். ஒருவர் மட்டையில் ஊற்றிய ரசம் அடுத்தவர் மட்டைக்குப் பாய்ந்தது. சாதி பார்க்கவில்லை, ஊர் பார்க்கவில்லை, மொழி பார்க்கவில்லை. ஷீலா தீதி தம் மட்டையைத் தூக்கிப் பார்த்து "நௌகா, நௌகா" என்று சிரித்தார். படகாம். ஐயாவும் பந்தியில்தான் இருந்தார். அவர் பட்டு வேட்டியில் ரசம் எந்தக் கரையில் ஏறி எந்தக் கரையில் இறங்கியது என்பதை நான் இந்தச் சபையில் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒருவர்கூடப் பசியோடு எழவில்லை. அதையும் சொல்ல வேண்டும் அல்லவா? தெலுங்குக்காரர், மலையாளத்தவர், ராஞ்சியிலிருந்து வந்தவர், நிக்கோபாரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றவர், எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து, பக்கத்து மட்டையைப் பிடித்துக்கொடுத்துச் சாப்பிட்டார்கள். சாப்பிட்ட மட்டையை ஒச்சம்மா அக்காவின் மாடுகள் மென்று தீர்த்தன. ஆனால், அந்த உறைகள்?

இங்கேதான் என் மனம் நின்றுவிடுகிறது. மெயின்லேண்டில் குப்பையை லாரியில் ஏற்றினால் "எங்கேயோ" போய்விடும். நமக்கு ஏது எங்கேயோ? சுற்றிலும் கடல். கப்பலில் வருவதெல்லாம் வருகிறது. எது திரும்பிப் போகிறது? பிஸ்கட் தின்றோம், தாள் தங்கியது. தண்ணீர் குடித்தோம், பாட்டில் தங்கியது. மழை வந்தால் ஓடைக்குப் போகிறது. ஓடை போனால் கடலுக்குப் போகிறது. அலை வந்தால் நம் காலடிக்கே வருகிறது. ஆமை முட்டையிட வருகிற மணலில், அந்த ஆமைக்கு நாம் விரித்து வைத்திருக்கும் பாய் எது? மலைமேல் நிற்கிறானே முருகன், அவன் கண் திறந்தால் முதலில் தெரிவது கடல்தான். அவன் பெயரைச் சொல்லிப் போட்ட சோற்றின் எச்சில், அவன் பார்க்கும் கடலில் மிதக்கலாமா? பசியாற்றுவது புண்ணியம் என்றால், பவளப்பாறையைப் பட்டினி போடுவது யார் கணக்கில் எழுதப்படும்? கோயில் கணக்கிலா, குழுவின் கணக்கிலா, கும்பிட்டுவிட்டுப் போன நம் ஒவ்வொருவர் கணக்கிலா?

இப்போது இந்த வருடக் கதை. ரச வெள்ளத்துக்குப் பயந்துபோன விழாக்குழு, "பந்தியே வேண்டாம், டப்பாவில் போட்டுப் பொட்டலமாகக் கொடுத்துவிடலாம்" என்கிறது. டப்பாவுக்கும் சென்னைக்குத்தான் சொல்லப்போகிறார்கள். நாங்கள் மறித்தோம். "மட்டையைச் சூடாக்கி அழுத்தித் தட்டாக்கினால் சுருளாதே, ஐயா" என்றோம்.

"அழுத்துறதுக்கு மிஷின் வேணும்மா. மிஷினுக்கு எங்க போறது, மறுபடி கப்பலுக்கா?" என்றார்.

மிஷின் எங்கே இருக்கிறது? இந்தக் கல்லூரியில் இருக்கிறது. பேராசிரியர் உதயசூரியன் அவர்களின் மன்றம் செயல்விளக்கத்துக்காக வாங்கியது. ரிப்பன் வெட்டி, நான்கு தட்டு அழுத்திக் காட்டி, படம் எடுத்துக்கொண்டு, போர்வை போர்த்திப் படுக்க வைத்திருக்கிறார்கள். நாங்கள் வந்து கேட்டோம். சார் அன்பாகத்தான் பேசினார்.

"எனக்குக் கொடுக்கிறதுல ஒண்ணும் இல்லம்மா. காலேஜ் சொத்து வெளிய போகணும்னா அனுமதி வேணும். யார் பொறுப்பு, கையைச் சுட்டுக்கிட்டா யார் பதில் சொல்றதுன்னு கேப்பாங்க."

நியாயமான பேச்சு. வீட்டுக்குப் போய் யோசித்தோம். முதல்வர் அம்மா, அதற்கான பதிலோடு வந்திருக்கிறோம். மிஷின் உங்கள் வாசலைத் தாண்ட வேண்டாம். நாங்கள் தாண்டி வருகிறோம். மட்டை பொறுக்கி அனுப்ப ஒச்சம்மா அக்காவும் சிப்பிகாட் தோட்டக்காரர்களும் சம்மதித்துவிட்டார்கள். மட்டை உதிர்கிற காலமும் இதுதான். கழுவித் துடைத்துக் காயவைப்பது டெலானிபூர்ப் பெண்கள் பொறுப்பு. மிஷினை ஓட்டப் படித்த மாணவச் செல்வங்கள் ஓட்டட்டும். விடுமுறை நாளில் உங்கள் கூடத்தைத் திறந்துவிட்டால் போதும். வேலை செய்யும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்து வரும். பார்த்தீர்களா, இப்போதுதான் பின்வரிசை தலை நிமிர்கிறது.

திருநாவுக்கரசு ஐயா, உங்களையும் கேட்டுவிடுகிறேன். மிஷின் கிடைத்தால் பொட்டலம் கிடையாது, பந்திதான், சரிதானே? ஐயா தலையாட்டுகிறார்கள். தலையாட்டினால் மைக்கில் கேட்காது, ஐயா. எழுந்து வாயால் சொல்லுங்கள்.

"பந்திதாம்மா. நானே பரிமாறுறேன். ரசத்த மட்டும் டம்ளர்ல கொடுத்துருங்க."

கேட்டீர்களா? அவைக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள் சார். ஷீலா தீதி, இப்போது தட்டலாம்.

கேட்க வாய்ப்பளித்த கல்லூரிக்கும், கேட்கப் பொறுமை காத்த தாய்மார்களுக்கும், படகையும் மறந்து நின்ற பாம்பூஃபிளாட் பெரியவர்களுக்கும், ஒலி குறையாமல் பார்த்துக்கொண்ட சகோதரருக்கும் எங்கள் குழுவின் நன்றி. முருகன் எல்லோரையும் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும். மீண்டும் வணக்கம்.

முதல்வர் அம்மா, டப்பாவுக்கு இந்த வாரக் கடைசியில் சென்னைக்குச் சொல்லிவிடுவார்கள். சொல்லிவிட்டால் நிறுத்த முடியாது. கூடத்தைத் திறப்பீர்களா, மாட்டீர்களா என்பதை அதற்கு முன்னால் தெரியப்படுத்துங்கள். மாட்டோம் என்றாலும் பரவாயில்லை, சீக்கிரம் சொல்லிவிடுங்கள்.