கலஹா இறக்கத்தில் ஏறிய காற்று

மாலை ஐந்தரை மணி. தெல்தோட்டையிலிருந்து கலஹாவுக்குப் போகும் றோட்டு. இரண்டு பக்கமும் தேயிலை. ஆள் நடமாட்டம் இல்லை. மேலேயிருந்து மூடுபனி மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது...

கதவைச் சாத்திவிட்டுக் கிட்ட உட்காருங்கள். விளக்கு எரியட்டும். இது இருட்டில் நடந்ததல்ல.

என்னோடு படித்த ஸக்கியாவின் சாச்சாவுக்கு, அவள் தகப்பனின் தம்பிக்கு, நடந்தது. பெயர் ஹலீம். கண்டிக்காரர். அவருக்குத் தனபாலன் என்று ஒரு சிநேகிதர். யாழ்ப்பாணத்தவர், கண்டியில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம். தேயிலை விலை விழுந்து, கந்தோரில், அதாவது ஆபீசில், இருந்தவர்களையே வீட்டுக்கு அனுப்பிய காலம். இருவருக்கும் வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் மலைப்பக்கம் போவார்கள். சைக்கிள் இரண்டு. பம்பு ஒன்று. அது தனபாலனின் சைக்கிளில் மாட்டியிருக்கும்.

நான் சொன்ன அந்த மாலையும் ஒரு ஞாயிறு. மறுநாள் காலை ஒரு தேயிலைக் கம்பனியின் கந்தோரில் நேர்முகம். இடம் ஒன்றே ஒன்று. இருவரும் விண்ணப்பித்திருந்தார்கள். கிடைக்காவிட்டால் தனபாலன் ஊருக்குத் திரும்ப வேண்டும். ஹலீம் தன் மாமாவின் புடவைக் கடையில் நாள் முழுக்கத் துணி மடிக்க வேண்டும்.

நேர்முகத்துக்கு முந்தின நாள் சவாரி போகலாம் என்று சொன்னது தனபாலன்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஹலீம் வைத்துக்கொண்டார்.

தெல்தோட்டையில் ராக்கம்மா என்பவரின் தேத்தண்ணிக் கடையில் சைக்கிள்களை விட்டுவிட்டு மலை ஏறினார்கள். மழை பிடித்தது. ஒற்றையடிப் பாதை தவறியது. கால் நிறைய அட்டை. ஒருவழியாக இறங்கிக் கடைக்கு வந்தபோது பொழுது சாயத் தொடங்கிவிட்டது. ராக்கம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே சைக்கிள்களைப் பார்த்தார்.

"ரெண்டு வண்டிக்கு ஒரு பம்பா? அப்ப புதுசா கட்டிக்கிட்டவங்க மாதிரி ஒட்டிக்கிட்டே போங்க சாமி."

தனபாலன் சிரித்துக்கொண்டே வெளியே போனார். ஹலீம் கோப்பைக்கு மேலால் பார்த்தார். தனபாலன் தன் சைக்கிளருகே போகவில்லை. ஹலீமின் பின்சக்கரத்தருகே குந்தியிருந்தார்... என்ன என்று கேட்டதற்கு, காலில் அட்டை எடுக்கிறேன் என்றார்.

புறப்பட்டார்கள். இறக்கம் தொடங்கியதும் தனபாலன் முன்னே போய்விட்டார். பனிக்குள் அவருடைய மணி இரண்டு தடவை கேட்டது. பிறகு கேட்கவில்லை. சற்று நேரத்தில் ஹலீமின் பின்சக்கரம் சளக், சளக் என்றது. ரிம் கல்லில் இடித்தது. இறங்கிப் பார்த்தார். டயர் சப்பை. ஆணி இல்லை, முள் இல்லை. வால்வின் திருகாணி தளர்ந்திருந்தது.

அட்டை எடுத்தானாம், அட்டை.

கூப்பிட்டுப் பார்த்தார். பதில் இல்லை. கண்டிக்கு நடந்து போனால் விடிந்துவிடும். விடிந்த பிறகு என்ன நேர்முகம்? அங்கே ஒரு மதகு. சைக்கிளை மதகுச் சுவரில் சாய்த்தார். மேலே தேயிலைக்குள் ஒரு விளக்கு தெரிந்தது. ஏறிப் போய் அந்த வீட்டில் பம்பு கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

திரும்பி இறங்கும்போது கீழேயிருந்து ஒரு சத்தம். ஃபூ... நிற்கும். பிறகு ஃபூ... மாடு ஏதாவது படுத்திருக்கிறது என்று நினைத்தார். மதகுக்கு வந்தபோது சத்தம் இல்லை. கீழே தண்ணீர் ஓடும் ஓசை மட்டும்.

டயரை விரலால் அமுக்கினார்.

கல்லாக நின்றது.

திருகாணி இறுக்கியிருந்தது. வால்வு ஈரமாக இருந்தது. பனி என்று நினைத்தார். தொட்ட விரலில் சிவப்பு; துரு என்று நினைத்தார். வால்வு பித்தளை. பித்தளை சிவப்பாகத் துருப்பிடிக்காது. அந்த நேரத்தில் அவருக்கு அது தோன்றவில்லை. ஏறி மிதித்தார்.

வழி முழுக்க அவருக்கு ஒரே கணக்குத்தான். காற்றைத் திறந்துவிட்டவன் தனபாலன். மனம் கேட்காமல் பம்போடு திரும்பி வந்திருக்கிறான். முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு, காற்றடித்துவிட்டுப் போயிருக்கிறான். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் கண்டி வரை தனபாலனைக் காணவில்லை.

காலையில் கந்தோரின் வாங்குப் பலகையில் ஹலீம் மட்டும் உட்கார்ந்திருந்தார். கம்பனியின் வெள்ளைக்காரத் துரை இரண்டு கேள்வி கேட்டார். வேலை கிடைத்துவிட்டது.

தனபாலன் மத்தியானம் ஹலீமின் வீட்டுக்கு வந்தார். முழங்கால் வரை சேறு. கையில் அந்தப் பம்பு. உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. இரவு முழுக்கக் கலஹாவில் ஒரு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்ததாகவும், வெயில் நன்றாக ஏறும்வரை றோட்டில் இறங்கவில்லை என்றும் சொன்னார். குரலை உயர்த்தவில்லை.

"வேலை கிடைச்சிட்டுதுதானே. இனியாவது உண்மையைச் சொல்லும். ஏன் அப்படி நடிச்சனீர்?"

"நான் என்ன நடிச்ச?"

"பின்னாலை உம்மைக் காணேல்லை எண்டு பம்போடை திரும்பி ஏறி வந்தனான். மதகடியிலை நீர் குந்தியிருந்து, வால்விலை வாயை வைச்சு ஊதிக்கொண்டிருந்தீர். நீர் ஊத ஊத டயர் எழும்பினது. கூப்பிட்டன். நீர் நிமிரேல்லை. கையை மட்டும் ஆட்டினீர்... போ எண்டு."

ஹலீம் வாசற்படியிலிருந்து இறங்கி வந்தார்.

"நான் அங்க ஈக்கவே இல்ல மச்சான். பம்பு கேட்டு மேலே போன நான். காத்து அடிச்சது நீதானே?"

"நான் கிட்டவும் வரேல்லை."

தன்னைப் பயமுறுத்தி வேலையைப் பறித்தான் என்று தனபாலன் நினைக்கிறார். காற்றைத் திறந்துவிட்டுப் பொய்யும் சொல்கிறான் என்று ஹலீம் நினைக்கிறார். நான்கு வருஷச் சிநேகிதம். தீர்க்க ஒரே வழிதான் இருந்தது. சைக்கிள் முற்றத்தில் நின்றது. முந்தின நாள் ஏறிய காற்று இன்னும் அதே டயரில். வாயால் ஊதி டயர் இப்படி ஏறுமா, திறந்துவிடுகிறேன், வேகத்தைக் கையில் பிடித்து நீயே பார் என்றார் ஹலீம்.

ஏறாது. அதை நானும் சொல்வேன். மனிதனின் நுரையீரலுக்கு அந்த அழுத்தம் கிடையாது. மாடிப்படி ஏறினாலே நமக்கு மூச்சு வாங்குகிறது.

ஹலீம் குந்தி உட்கார்ந்து திருகாணியைக் கழற்றினார். தனபாலன் உள்ளங்கையை வால்வுக்கு நேரே பிடித்தார்.

திறந்தால் காற்று ஒரே சீறலாகப் போக வேண்டும். இடையில் நிற்க அதற்கு ஒரு காரணமும் இல்லை.

இது நின்றது.

ஃபூ... நின்றது. பிறகு ஃபூ... மறுபடி நின்றது.

வெளியே வந்த காற்று சூடாக இருந்தது. தனபாலனின் உள்ளங்கை நனைந்தது. வெற்றிலையும் புகையிலையும், அதற்கு அடியில் நெடுநாள் திறக்காத ஒரு வாயின் நாற்றமும்... இருவரும் வெற்றிலை போடுகிறவர்கள் அல்ல.

ஃபூ... ஃபூ... டயர் மெல்லமெல்லச் சப்பையானது. ரிம் தரையில் உட்கார்ந்தது. முற்றத்தில் நல்ல வெயில். பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் துருவும் சத்தம்.

"முடிஞ்சிதா?" என்று கேட்டார் ஹலீம்.

தனபாலன் கையை எடுக்கவில்லை. எடுக்கப் பார்க்கிறார், முடியவில்லை என்பது ஹலீமுக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் விளங்கியது.

"இல்லை," என்றார் தனபாலன். "இப்ப உள்ளை இழுக்குது."